தொழில் இல்லை என்று எழுதச் சொன்னவள்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். கொஞ்சம் ஊக்கம் தருகிற மாதிரி இருந்தால் நல்லது என்றும் மெல்லச் சொல்லிப் பார்த்தார்கள். ஊக்கம் வேண்டுமென்றால் வேறு யாரையாவது கேளுங்கள். வீட்டிலிருந்தபடியே பதினெட்டு வருடம் அந்நிய நாட்டுக்காரரின் கணினிகளைப் பழுது பார்த்துவிட்டு ஓய்ந்திருக்கிற என்னிடம் ஒரு பெரிய பிழை இருக்கிறது. அதை இதுவரை யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

உங்களுக்கு இன்று எல்லாம் லேசு. கதிரையை விட்டு எழும்பாமலே பரீட்சை எழுதிச் சான்றிதழ் எடுக்கிறீர்கள், அடுத்த மாதமே எங்கோ ஒரு நாட்டுக் கம்பெனியில் சேர்ந்துவிடுகிறீர்கள். என்ன வேலை என்று கேட்டால் "வீட்டிலிருந்து" என்கிறீர்கள், கேட்டவரும் தலையாட்டிவிட்டுப் போகிறார். யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் அதே பதிலை நான் சொன்னபோது ஒருவரும் தலையாட்டவில்லை. எதிர் பிளாட்டில் இருந்த மாமி, நான் வெளிநாட்டுக்காரருக்கு ரெலிபோனில் சாத்திரம் சொல்லிப் பிழைக்கிறேன் என்றே கடைசிவரை நம்பினார். மத்தியானத்திலிருந்து காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று இங்கிலிஷில் சொல்லிக்கொண்டிருப்பவளை அவர் வேறு என்னவென்று நினைப்பார்?

கணவர் இறந்தபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. ஒரே மகன் படித்துக்கொண்டிருந்தான். காலி வீதி என்கிற பெரிய வீதியில் ஒரு மாடியில் ஆறு மாத வகுப்புக்குப் போய், கணினியும் வலையமைப்பும் திருத்தத் தெரியும் என்று காட்டுகிற ஆரம்பநிலைச் சான்றிதழை எடுத்தேன். இங்கிலாந்தில் சின்னச் சின்ன அலுவலகங்களுக்குக் கணினி உதவி செய்யும் ஒரு கம்பெனி என்னை எடுத்தது. பிறகு கொழும்பிலேயே இன்னும் நான்கு பேரை எடுத்து, அவர்களுக்கு என்னைத் தலைவி ஆக்கியது. எங்களுக்கு அலுவலகம் கிடையாது. அவரவர் வீடுதான். அங்கே காலையில் அலுவலகம் திறக்கும்போது இங்கே மத்தியானம் ஒன்றரை. எங்கள் வேலை அப்போது தொடங்கும்.

அந்த நாளில் கொழும்பில் தமிழர் இருக்கிற வீடுகளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பத்திரம் நிரப்பிப் பொலிஸில் பதிந்து, அதன் பிரதியைக் கைக்கெட்டிய இடத்தில் வைத்திருக்க வேண்டும். சோதனைக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள். பெயர், அடையாள அட்டை, சொந்த ஊர், தொழில், கொழும்பில் தங்கியிருக்கும் காரணம். புது வேலை கிடைத்த வருடம் தொழில் என்ற இடத்தில் நான் உண்மையை எழுதிக்கொண்டு போனேன். இரண்டு மணித்தியாலம் நிற்க வைத்தார்கள். ஆபிஸ் எங்கே என்றார்கள், இங்கிலாந்தில் என்றேன். நீ எங்கே என்றார்கள். போகாமல் எப்படி வேலை செய்வாய், யாரோடு கதைக்கிறாய், என்ன கதைக்கிறாய் என்றார்கள். எனக்குத் தெரிந்த சிங்களம் கடையில் கருவாடு வாங்கவும் பஸ்ஸில் இறங்கவும் காணும். வலையமைப்பை விளங்கப்படுத்தக் காணாது.

கடைசியில் வயதான சார்ஜன்ட் ஒருவர் எழும்பி வந்து, என் எழுத்தை வெட்டிவிட்டு, மேலே சிங்களத்தில் ஏதோ எழுதினார். "நோனா, மேக்க தமய் லேசி" என்றார். இதுதான் லேசு என்று அர்த்தம். அவர் எழுதியது வீட்டுப் பெண் என்பதை வெளியே வந்து கேட்டுத்தான் அறிந்தேன். அவர் நல்ல மனிதர். என்னை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றுதான் செய்தார். நானும் ஏதோ பெரிய வித்தை கற்றுக்கொண்டவள் மாதிரி அதைப் பிடித்துக்கொண்டேன். என்னிடம் வேலை பழகிய ஒவ்வொருவருக்கும் பரீட்சைக் குறிப்புகளோடு சேர்த்து இதையும் சொல்லிக் கொடுத்தேன். பெண் என்றால் வீட்டுப் பெண். ஆண் என்றால் தொழில் இல்லை, வெளிநாடு போகக் காத்திருக்கிறார். வடக்கிலிருந்து வந்தவர்கள் தங்கும் லொட்ஜுகளில் பாதியும் அப்படி எழுதியவர்களால்தான் நிறைந்திருந்தது. வெளிநாடு போக நிற்கும் தமிழன் என்றால் பொலிஸுக்கும் பழகிப்போன விஷயம், அதற்குமேல் கேள்வி வராது.

நிர்மலனும் அப்படி வேலை பழகத்தான் என்னிடம் வந்து சேர்ந்தார். முப்பத்தொரு வயது. யாழ்ப்பாணத்தில் ரியூட்டரி ஒன்றில் கணக்குப் படிப்பித்தவர். யுத்தத்தில் தரைப்பாதையை மூடிய பிறகு கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் மனைவி சாந்தினியோடு இருந்தார். பிள்ளைகள் இல்லை. சனிக்கிழமைகளில் நான் பயிற்சி சொல்லிக் கொடுத்த வகுப்பில் எல்லோரையும்விட மெதுவாகப் படித்தவர் அவர்தான். எல்லோரையும்விட நன்றாக விளங்கிக்கொண்டவரும் அவர்தான்.

முதல்தரம் பரீட்சையில் தவறிவிட்டார். அன்று காலை பஸ்ஸை மறித்துச் சோதித்த ஆமிக்காரன் அவருடைய பையிலிருந்து ஒரு தாளை எடுத்திருக்கிறான். நான் வகுப்பில் வரைவித்த வலையமைப்புப் படம். சதுரங்கள், நடுவில் ஒரு வட்டம், எல்லாவற்றையும் இணைக்கிற கோடுகள், ஒவ்வொரு கோட்டுக்கும் இலக்கம். இது எந்த இடத்து வரைபடம் என்று கேட்டு முக்கால் மணித்தியாலம் வீதியோரம் நிறுத்திவிட்டான். பரீட்சை மண்டபத்துக்கு அவர் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தார். இரண்டாம் தரம் பேனைகூட இல்லாமல் வெறுங்கையோடு போனார். பின்னேரம் ரெலிபோன் வந்தது.

"அக்கா, பாஸ்."

"எத்தினை புள்ளி?"

"அதைக் கேக்காதேங்கோ. பாஸ், அவ்வளவுதான்."

சாந்தினி அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு முன்னறைச் சுவரில் மாட்டினார். அடுத்த மாதமே என்னுடைய குழுவில் அவரைச் சேர்த்துக்கொண்டேன். இனி எங்கேயும் போகத் தேவையில்லை அக்கா, இங்கேயே இருந்து உழைக்கலாம் என்று அடிக்கடி சொல்லுவார். அந்த வேலையில் அவருக்குப் பிடித்ததே அதுதான்.

சேர்ந்து கொஞ்ச நாளில் பத்திரம் புதுப்பிக்க வேண்டி வந்தது. என்னைக் கேட்டார்.

"தொழில் எண்ட இடத்தில என்ன போட, அக்கா?"

"இல்லை எண்டு போடும்."

"இருக்குத்தானே? இவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்தனான்."

"எடுத்தது உமக்குத் தெரிஞ்சாப் போதும். அவங்களுக்கு விளங்கப்படுத்த வெளிக்கிட்டீரெண்டா ரெண்டு நாள் அங்கதான் இருக்க வேணும். வெளிநாடு போக நிக்கிறன் எண்டு எழுதும். நானே ஹவுஸ்வைஃப் எண்டுதான் பதிஞ்சிருக்கிறன்."

அவர் சிரித்தார். "அப்ப தலைவிக்கும் வேலையில்லை, எனக்கும் வேலையில்லை" என்றார். நானும் சிரித்தேன். உமக்குப் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானம் இரண்டே கால் இருக்கும். கொட்டாஞ்சேனையில் அவர்கள் இருந்த ஒழுங்கையை இரண்டு பக்கமும் அடைத்துவிட்டு வீடு வீடாகச் சோதித்துக்கொண்டு வந்தார்கள். நிர்மலன் வேலையில் இருந்தார். இங்கிலாந்தில் ஒரு பல் வைத்தியரின் அலுவலகக் கணினியைத் தூரத்திலிருந்து இயக்கி, அச்சு எடுக்கும் மெஷினைச் சரிப்படுத்திக்கொண்டிருந்தார். உள்ளே வந்தவர்களில் ஒருவன் திரையில் அம்புக்குறி நகர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு நடந்ததைச் சாந்தினி எனக்குச் சொன்னார்.

யார் இதை அசைக்கிறது என்று கேட்டிருக்கிறான். நான்தான் சேர் என்றிருக்கிறார் நிர்மலன். இந்த மெஷின் எங்கே இருக்கிறது? இங்கிலாந்தில். அப்போது இன்னொருவன் பத்திரத்தைப் பார்த்துவிட்டு, தொழில் இல்லை என்று இருக்கிறதே என்றான். சுவரில் இருந்த சான்றிதழைப் பார்த்தான், அதில் பெயரையும் பார்த்தான். வெளிநாடு போக என்று எழுதியிருக்கிறாய், பாஸ்போர்ட்டைக் கொண்டு வா என்றான். நிர்மலனிடம் பாஸ்போர்ட் இல்லை. எங்கேயும் போக நினைக்காத மனிதருக்கு அது எதற்கு? அவர் விண்ணப்பிக்கவே இல்லை.

சான்றிதழும் பத்திரமும், இரண்டு தாள்கள்தான். ஒன்றில் இருந்த உண்மை பொலிஸுக்கு விளங்கவில்லை. மற்றதில் இருந்த பொய் நன்றாக விளங்கியது. அந்தப் பொய் என்னுடையது.

இரண்டு நாற்பதுக்குச் சாந்தினி ரெலிபோன் எடுத்தார். "அக்கா, இவரைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள். கொம்பியூட்டரையும் தூக்கிக்கொண்டு போயிட்டாங்கள். நீங்கள் வந்து சொன்னா விடுவாங்கள். நீங்கள்தானே இவருக்கு மேல வேலை செய்யிறனீங்கள்."

வாறன் என்றேன். உண்மையாகவே சொன்னேன். சீலையை மாற்றிக் கட்டினேன். என்னுடைய ஒப்பந்தக் கடிதம், கம்பெனியின் மின்னஞ்சல்கள், அவருக்கு நான் வேலை ஒதுக்கிய பட்டியல், எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் வைத்தேன். ஐந்து நிமிடத்தில் கீழே இறங்கி கேற்றடிக்கு வந்துவிட்டேன். பஸ்ஸும் வந்தது. ஏறவில்லை.

அந்தக் கேற்றடியில் நான் யோசித்ததை மறைக்காமல் எழுதுகிறேன். அங்கே போனால் முதலில் என் அடையாள அட்டையைக் கேட்பார்கள். என்னுடைய பதிவைப் பார்ப்பார்கள். அதில் வீட்டுப் பெண் என்று இருக்கும். ஒரு பொய்க்காரனைப் பிடித்தோம், அவனுக்கு மேலே இருக்கும் பொய்க்காரி தானாகவே வந்திருக்கிறாள் என்பார்கள். பிறகு என் வீட்டுக்கு வருவார்கள். வீட்டில் என் மகன் இருந்தான். அவனுக்குப் பத்தொன்பது வயது. அந்தக் காலத்தில் பத்தொன்பது வயதுத் தமிழ்ப் பையனை வீட்டில் வைத்திருந்த எந்தத் தாயும் எனக்கு மேலே விளங்கப்படுத்தத் தேவையில்லை.

திரும்பி மேலே ஏறினேன். இங்கிலாந்தில் இருந்த மேலாளருக்கு, எங்கள் ஆளைப் பொலிஸ் பிடித்துவிட்டது, கம்பெனித் தாளில் ஒரு கடிதம் உடனே வேண்டும் என்று எழுதினேன். அவர் மிகவும் மனம் வருந்துவதாகவும், கடிதங்களுக்குப் பொறுப்பான பிரிவு திங்கட்கிழமை கவனிக்கும் என்றும் பதில் போட்டார். சாந்தினியிடம், "வெறுங்கையோட போனா நம்பமாட்டாங்கள், லெட்டரோட போவம்" என்றேன். கேட்கப் புத்திசாலித்தனமாக இருந்தது. இந்தத் தொழில் எனக்குப் பழக்கியதும் அதைத்தான். எந்தப் பழுது வந்தாலும் முதலில் பதிவு செய், மேலிடத்துக்கு அனுப்பு, பதில் வரும்வரை கை வைக்காதே. என் பயத்துக்கு அந்த ஒழுங்கு நல்ல போர்வையாக அமைந்துவிட்டது.

சனிக்கிழமை சாந்தினி சாப்பாடு கட்டிக்கொண்டு பொலிஸுக்குப் போனார். வாங்கி வைத்தார்கள். பின்னேரம் எனக்குச் சொன்னார். "அங்க ஒருத்தர் தமிழ் கதைச்சவர், அக்கா. வேலை குடுத்த ஆள் ஆராவது ஒருக்கா வந்து சொல்லட்டாம். இவரை மேல அனுப்புறதுக்கு முன்னம் வரட்டாம்."

"திங்கக்கிழமை லெட்டர் வந்திடும்" என்றேன். அவர், "சரி அக்கா" என்றார். ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போனேன். கொட்டாஞ்சேனைக்குப் போகவில்லை.

திங்கள் பின்னேரம் கடிதம் வந்தது. மூன்று வரி. நிர்மலன் எங்கள் ஊழியர் அல்ல, தன் சொந்தப் பொறுப்பில் எங்களுக்குச் சேவை வழங்கும் ஒப்பந்தக்காரர், அவருடைய ஏனைய நடவடிக்கைகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல. உங்கள் ஒப்பந்தங்களிலும் இந்த வரி இருக்கும், எடுத்துப் பாருங்கள். கையெழுத்து வைக்கிற நாளில் நாங்கள் யாரும் அதை வாசிப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை அந்தக் கடிதத்தோடு சாந்தினியும் நானும் போனோம். மேசையில் இருந்த அதிகாரி வாசித்துவிட்டு, ஊழியர் அல்ல என்றுதானே இருக்கிறது என்றார். ஆளை நேற்றே வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டோம் என்றார். எங்கே என்று சொல்லவில்லை. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, நீங்கள் யார் என்று கேட்டார்.

சொந்தக்காரி என்றேன்.

சாந்தினி என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகும் அவர் எனக்கு அக்கா, அக்கா என்றுதான் ரெலிபோன் எடுத்துக்கொண்டிருந்தார். எந்தச் சிறையில் என்று கண்டுபிடிக்க ஐந்து வாரம் ஆனது. அவர் லோயர்களிடமும் கிறிஸ்தவப் பாதர்மாரிடமும் அலைந்தார். நான் என் கதிரையில் இருந்து வேலை செய்தேன். இரண்டு வாரத்தில் கம்பெனி வேறொருவரை எடுத்தது. நிர்மலன் பாதியில் விட்டுவிட்டுப் போன முறைப்பாடுகளைப் புதியவருக்குப் பிரித்துக் கொடுத்தவளும் நான்தான். பல் வைத்தியரின் அச்சு மெஷின் அவற்றில் ஒன்று. அதைச் சரிசெய்ய நான்கு நிமிடம் ஆனது.

இனி நீங்கள் என்னிடம் பாடம் கேட்பீர்கள். நான் என் பத்திரத்தைத் திருத்தினேனா என்று கேட்டால், இல்லை. யுத்தம் முடியும்வரை வீட்டுப் பெண்ணாகவே இருந்தேன். வெள்ளிக்கிழமை போயிருந்தால் விட்டிருப்பார்களா என்று கேட்டால், தெரியாது. என்னையும் உள்ளே வைத்திருக்கலாம், மகனையும் பிடித்திருக்கலாம். ஆனால் அந்தத் தெரியாததைத் தாங்கும் வேலையை நான் நிர்மலனிடம் விட்டேன். பாடம் என்று ஏதாவது வேண்டுமென்றால் இவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். உங்களோடு வேலை செய்கிறவர் எந்த வீட்டில், எந்த ஒழுங்கையில் இருந்து வேலை செய்கிறார் என்று தெரிந்துவைத்திருங்கள். ஒரு நாள் அங்கே நேரில் ஆளாகப் போய் நிற்க வேண்டி வரும். கம்பெனி போகாது. போக உங்களுக்குத் துணிவு வருமா என்பதை நான் எப்படிச் சொல்ல முடியும்? எனக்கு வரவில்லை.

நிர்மலனை இருபத்திரண்டு மாதம் வைத்திருந்துவிட்டு, வழக்கு ஒன்றும் இல்லாமல் விட்டார்கள். விட்ட இரண்டாம் வாரம் போய்ப் பார்த்தேன். அந்த அனெக்ஸை விட்டுவிட்டு, கொட்டாஞ்சேனையிலேயே ஒரு தனி அறைக்கு மாறியிருந்தார்கள். சாந்தினி சட்டை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் நிர்மலனின் இடப்பக்கம் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கதைக்கத் தொடங்கினேன். அவர் என்னை நிறுத்தி, மற்றப் பக்கம் வந்து இருக்கச் சொன்னார். இடது காது கேட்கவில்லை. எங்கள் வேலைக்குக் காதுதான் மூலதனம். திரும்ப எடுப்பார்களா என்று கேட்பதற்கு அவரும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. சான்றிதழ் செல்லுபடியாகும் காலமும் உள்ளே இருந்தபோதே முடிந்துவிட்டது.

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், உள்ளே என்ன கேட்டார்கள் என்று கேட்டேன்.

"ஒண்டைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டவங்கள், அக்கா. இஞ்ச உனக்கு மேல இருந்து வேலை தாறது ஆர் எண்டு. இஞ்ச ஒருத்தரும் இல்லை எண்டு சொன்னனான். அதைத்தான் அவங்கள் நம்பேல்லை. நான் ஆரையோ ஒளிக்கிறன் எண்டு நினைச்சவங்கள்."

"என்ர பேரைச் சொல்லியிருக்கலாமே, நிர்மலன்."

"உங்கட பேப்பரில ஹவுஸ்வைஃப் எண்டெல்லோ இருக்கு. பிறகு உங்கட வீட்டுக்கு வருவாங்கள். மகன் வீட்டில நிக்கிற நேரம்." பிறகு, "அவர் இப்ப என்ன செய்யிறார்?" என்று கேட்டார்.

"மெல்பனில படிக்கிறான்" என்றேன்.

"நல்லது" என்றார். உண்மையாகவே நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார், குரலில் வேறு எதுவும் இல்லை.

தையல் மெஷின் நின்றிருந்தது. அவர் ஒளித்தது என் பெயரை என்று சாந்தினிக்கும் அப்போதுதான் தெரியும் என்பதை அவருடைய முகத்தைப் பார்த்து அறிந்தேன். அவர் எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து, என் முன்னால் வைத்தார்.

"குடிச்சிட்டுப் போங்கோ, மிஸிஸ்" என்றார்.